அடுத்தவர் தாடை

வீரமணிக்குப் பல்வலி வந்தது அரவைப் பருவத்தின் நட்டநடுவில். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டுபவர் அவர். ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது மற்றவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள், சீட்டாடுவார்கள். வீரமணி மட்டும் இடது கன்னத்தை ஸ்டியரிங்கின் மேல் வைத்து, கிராம்பைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார்.

"எத்தினி நாளைக்கு இப்படியே மொனவிக்கிட்டுக் கெடப்பீங்க?" என்றாள் மனைவி செங்கமலம். "முத்துச்சிரிப்புல சும்மாவே பல்லுக்குப் படம் எடுக்கறாங்களாம். வூட்டு வாசலுக்கே பஸ்ஸு வருது. போயிட்டுத்தான் வாங்களேன்."

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சிமெண்ட் லாரிகளின் தூசியில் தோய்ந்தபடி நிற்பது முத்துச்சிரிப்பு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதன் மஞ்சள் பேருந்து காலையில் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றும். நோயாளி இல்லாவிட்டால் கல்லூரி இல்லை என்று எங்கோ ஒரு விதி இருக்கிறது. அதனால் பல் வலிப்பவர், வலிக்காதவர், சந்தைக்குப் போகக் கிளம்பியவர் எல்லோரையும் ஓட்டுநர் அன்போடு ஏற்றிக்கொள்வார். பேருந்து உள்ளே நுழைந்ததும் பெரிய கேட்டை மூடிவிடுவார்கள். சாயங்காலம்தான் திறப்பார்கள்.

தாடை, மண்டையோட்டுப் படத்துறை கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலுக்கு மேலே பித்தளை எழுத்தில் 'பிழையற்ற துறை' என்று பதித்திருந்தார்கள். அதற்குக் கீழே தாளாளரின் ஆளுயரப் புகைப்படம். தாளாளரின் பெயர் ஆண்டவர். கல்லூரிக்குள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கண்ணை மட்டும் மேலே உயர்த்துவார்கள்.

நீண்ட பெஞ்சில் வீரமணிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வலது கன்னத்தை மூடியிருந்தாள். காற்றில் துணி விலகியபோது அங்கே எலுமிச்சங்காய் அளவு வீக்கம் தெரிந்தது.

"வலிக்குதா?" என்றார் வீரமணி.

"வலி ஒண்ணும் இல்லிங்க. அதான் பயமா இருக்குது" என்றாள் அவள். பெயர் அம்சவள்ளி. உடையார்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு ஷெட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாளாம். கொட்டைப் பாலில் வெந்து அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன.

படம் எடுக்கும் பையன் வெளியே வந்தான். விக்கி என்று சட்டையில் எழுதியிருந்தது. "தோடு, செயின், ஹேர்பின், மூக்குத்தி எல்லாம் கழட்டிடுங்க. தலையில எந்த உலோகமும் இருக்கக்கூடாது."

அம்சவள்ளி தோட்டைக் கழற்றி, "கொஞ்சம் வச்சிருங்கண்ணே" என்று வீரமணியின் கையில் கொடுத்தாள். மூக்குத்தி வரவில்லை. "கல்யாணத்துல போட்டதுங்க தம்பி. ஆசாரிதான் கழட்டணும்."

விக்கி வரிசையைப் பார்த்தான். வரிசை படியேறி முதல் மாடி வரை போயிருந்தது. "சரி, அப்படியே வாங்க" என்று அழைத்துப் போனான்.

அவள் வந்து தோட்டை வாங்கிக்கொண்டதும் வீரமணி உள்ளே போனார். முகவாயை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். ஒரு குச்சியைக் கடிக்கச் சொன்னார்கள். நெற்றிப்பொட்டு இரண்டையும் இரண்டு கட்டைகள் வந்து இறுக்கிப் பிடித்தன. ஈய அங்கி தோளை அழுத்தியது. எல்லோரும் அறையை விட்டு ஓடிப்போனார்கள், கதவு மூடிக்கொண்டது. பிறகு இயந்திரத்தின் கை, திருஷ்டி கழிப்பதுபோல, அவர் தலையை மெல்லச் சுற்றத் தொடங்கியது. காதுக்குள் ஒரு உறுமல். ஏதோ ஒன்று தன்னை மோந்து பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி, "அடுத்தவர்" என்றது.

*

துறைத் தலைவர் டாக்டர் அனுசுயாவின் அறையில் ஜன்னல்களுக்கு மேல் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. சுவரெல்லாம் வெளிச்சப் பெட்டிகள். அவற்றில் தாடைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் வீரமணியைப் பார்த்து இளித்தன.

அனுசுயா படத்தை மாட்டினார். பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வீரமணி?"

"ஆமாங்கம்மா."

"எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். மாணவர்கள் ஓடி வந்தார்கள். அறை நிரம்பியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"வலது கீழ்த்தாடை. தேன்கூடு மாதிரி அரிச்சிருக்கு பாருங்க. எலும்பைத் தின்னுக்கிட்டே போற கட்டி. இப்படி ஒண்ணு நம்ம துறைக்குக் கிடைக்காதான்னு நான் எவ்வளவு காலமா காத்துக்கிட்டிருந்தேன்!" அவர் கண்கள் கலங்கின. "ஐயா, நீங்க எங்களுக்குப் பெரிய கௌரவம்."

வீரமணி தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு வலி இடது பக்கமுங்கம்மா."

"வலி உங்க அபிப்பிராயம். இது படம்."

"வலது பக்கம் வீக்கமே இல்லிங்களே. தொட்டுப் பாருங்களேன்."

"தொடறது மேல ரெண்டாம் நம்பர் ரூம். அவங்க தொட்டுத்தானே உங்களைப் படத்துக்கு அனுப்பினாங்க? படம் வந்துட்டா தொடறது முடிஞ்சுது. ஒரு துறை வேலையில இன்னொரு துறை கை வைக்கிற பழக்கம் எங்ககிட்ட கிடையாது."

வீரமணி எழுந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். படிப்பு எட்டாவதோடு நின்றிருந்தாலும் பல்லை அடையாளம் தெரியும். படத்தில் முன்பற்கள் மேலே வரிசையாக, பளீரென்று இருந்தன. அவருக்கு மேலே முன்பல் இரண்டு இல்லை. டிரெய்லர் கொக்கி தெறித்து அடித்து, போனவை. ஊரே அறிந்த ஓட்டை. அவர் வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.

"வாயை மூடுங்க" என்றார் அனுசுயா.

"இல்லிங்கம்மா, இங்க பல்லே இல்ல..."

"படத்துல இருக்கு. தயவுசெஞ்சு வாயை மூடுங்க. மாணவர்கள் குழம்பிடுவாங்க." பிறகு படத்தில் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்றைக் காட்டினார். "மூக்குத்தியைக் கழட்டாம நின்னிருக்கீங்க. நல்லவேளை, கட்டியை அது மறைக்கல. ஆபரேஷனுக்கு முன்னாடி கண்டிப்பா கழட்டணும்."

வீரமணி தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தடவினார். "இன்னொருக்கா எடுத்துப் பாத்துடலாமுங்களா?"

அனுசுயாவின் குரல் தாழ்ந்தது. "கதிர்வீச்சுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? காரணமில்லாம ஒரு மனுஷன் மேல ரெண்டாவது தடவை அதைப் பாய்ச்ச எங்க மனசாட்சி இடம் கொடுக்காது. நோயாளியோட பாதுகாப்புதான் எங்களுக்கு உயிர். நாளைக்கே பாதித் தாடையை எடுத்துடலாம்."

*

அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சட்டை, வேட்டியை வாங்கிக்கொண்டு பின்னால் முடிச்சுப் போடும் பச்சை அங்கி கொடுத்தார்கள். கட்டிலின் மேல் 'உணவு கூடாது' என்ற பலகை தொங்கியது. வார்டில் வேறு நோயாளிகள் இல்லை. வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. ஒரு மாணவி வந்து, மிகவும் பணிவாக, மார்க்கர் பேனாவால் அவர் வலது கன்னத்தில் காதடியிலிருந்து முகவாய் வரை ஊதாக் கோடு ஒன்று வரைந்துவிட்டுப் போனாள்.

செங்கமலம் போன் செய்தாள். "என்னாங்க, பல்லைப் புடுங்கிட்டாங்களா?"

"தாடையை எடுக்கப்போறாங்களாம்."

"யாருதை?"

வீரமணி பதில் சொல்ல வாய் திறந்தார். அவள் பதறிப் போய்க் கேட்ட கேள்வி அது, அர்த்தமெல்லாம் யோசிக்கவில்லை. ஆனால் அவர் அதையே தனக்குள் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். யாருதை? அந்தத் தாடை யாரோ ஒருத்தருடையது. பொய்யாக முளைத்ததல்ல அந்தத் தேன்கூடு. மூக்குத்தி போட்ட ஒருத்தரின் எலும்பு அது. ஆசாரி வந்தால்தான் கழற்ற முடிகிற மூக்குத்தி.

"செங்கமலம், அந்தப் பொம்பளை நல்லாருக்கேன்னு வூட்டுக்குப் போயிருக்கும்டி" என்றார்.

"எந்தப் பொம்பளை?" என்று செங்கமலத்தின் குரல் மாறியது. விளக்குவதற்குள் நர்ஸ் வந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல்வர் டாக்டர் தமிழரசனே நேரில் வந்தார். கோட்டும் டையும் போட்ட, நல்ல குரல்வளம் உள்ள மனிதர். வீரமணி எழுந்து கும்பிட்டு, மூக்குத்தி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் ஊரைச் சொன்னார். அவளைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். முதல்வர் பொறுமையாகக் கேட்டார்.

"வீரமணி, உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த இயந்திரம் வந்த நாள்லேர்ந்து இந்தத் துறையில ஒரு பிழைகூடப் பதிவாகல. ஏன் தெரியுமா? பிழையைப் பதிவு பண்ற ஏற்பாட்டையே நாங்க வச்சுக்கல. அவ்வளவு நம்பிக்கை. இன்னிக்குக்கூட அதுக்காகத்தான் பாராட்டு விழா. ஐயாவே வர்றாங்க." கண்ணை மேலே உயர்த்தினார். "இந்த நேரத்துல நீங்க வந்து, படம் வேற ஆளுதுன்னு சொன்னா, அது நல்லாவா இருக்கும்? உங்க தாடையைப் பத்தி மட்டும் யோசிக்காதீங்க. நிறுவனத்தைப் பத்தியும் யோசிங்க. விழா முடிஞ்சதும் தியேட்டருக்குப் போயிடலாம்."

விழாவில் அரங்கம் காலியாகத் தெரியக்கூடாது என்று மாணவர்கள், நர்சுகள், சமையல்காரர்கள், தோட்டக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டில் நிற்கும் காவலாளியையும் கூப்பிட்டு மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தபோது வீரமணி கட்டிலை விட்டு இறங்கினார். காலியான வராந்தாவில் தன் வெறுங்காலின் சத்தம் தனக்கே பயமாக இருக்க, படியிறங்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அங்கி பின்னால் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் மட்டும் குனிந்து அந்த ஊதாக் கோட்டைப் பார்த்தார்.

"எங்க போகணும்?"

"உடையார்பாளையம்."

"யாரு போட்டா இந்தக் கோடு?"

"ஆஸ்பத்திரியில."

கண்டக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டும் கேட்கவில்லை.

*

ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை அங்கியில் வந்து நின்ற மனிதரைக் கண்டதும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அம்சவள்ளி எழுந்து வந்தாள். வீக்கம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அல்லது பயத்தில் அவருக்கு அப்படித் தோன்றியது.

"அண்ணே, நீங்களா? என்னா கோலம் இது?"

"உனக்கு என்னா சொன்னாங்க அங்க?"

"ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்கண்ணே. பல்லே இல்ல, அதனால சொத்தை வர வாய்ப்பே இல்ல, நிம்மதியாப் போங்கன்னாங்க."

"பல்லே இல்லையா?"

அவள் சிரித்தாள். முழு வரிசைப் பற்களும் தெரிந்தன. "நானும் யோசிச்சேன். அப்பறம் பெரிய டாக்டரம்மா சொல்றாங்களே, அவங்க சொல்ற பல்லு வேற பல்லா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

படத்தை எடுத்து வரச் சொன்னார். வீடு பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைச் சாமி படத்துக்கு அருகில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். இருவரும் வெயிலில் நின்று அதை ஆகாயத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்கள். வீரமணி தன் முன்பல் ஓட்டையைத் தேடினார். தன் படம்தான் அவளிடம் வந்திருக்கும், இரண்டும் மாறியிருக்கும் என்பது அவர் கணக்கு.

ஓட்டை இல்லை. பல்லே இல்லை. தேய்ந்து மெலிந்த, வெறும் எலும்பான ஒரு கிழத் தாடை அது.

"இது நானும் இல்ல, நீயும் இல்ல" என்றார் மெதுவாக. "பெஞ்சியில உனக்கு முன்னால யாரு உக்காந்திருந்தது?"

அம்சவள்ளி யோசித்தாள். "ஒரு தாத்தா. கைத்தடி வச்சுக்கிட்டு. பொக்கை வாய்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. தாத்தாவுடையது அவளிடம். அவளுடையது வீரமணியிடம். வீரமணியினுடையது அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம். அது யார் என்று அவர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். முகமே நினைவில்லை.

"என்னோடதுல என்னாண்ணே இருக்கு?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

அவர் தன் கன்னத்தைத் திருப்பி அந்தக் கோட்டைக் காட்டினார். "இது உனக்குப் போட வேண்டிய கோடும்மா."

அவள் கை தானாக எழுந்து முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடியது. கண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சட்டையும் கைலியும் வாங்கிக் கொடுத்து, "வாங்க, போயிடலாம்" என்றாள். அன்றைக்கே இருவரும் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே வரிசை இன்னும் நீளம். மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டிருந்த ஒரு டாக்டர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்சவள்ளியின் கன்னத்தை இரண்டு விரலால் கீழிருந்து அழுத்திப் பார்த்தார். "வாயைத் திறம்மா. எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றார். அதுவரை அழாத அவள் அப்போதுதான் அழுதாள். போகிற போக்கில் அவர் வீரமணியின் வாயையும் திறந்து பார்த்து, இடது பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பினார்.

அம்சவள்ளிக்கு ஆபரேஷன் நடந்தது. வலது தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் தானாகவே தாடை முறிந்திருக்கும் என்றார்கள். அவள் பிழைத்தாள். முகம் ஒரு பக்கம் ஒடுங்கிப்போனது. பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனாலும் பேச முடிந்ததும் அவள் வீரமணிக்குப் போன் போட்டுச் சொன்ன முதல் விஷயம் இதுதான்:

"அண்ணே, எனக்குப் பின்னால நீங்க இருந்தீங்க. மத்தவங்களுக்குப் பின்னால யாரு இருந்தா?"

*

இருவரும் கல்லூரிக்குப் போனார்கள். செங்கமலம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "திரும்பவும் உள்ள வச்சு அறுத்துடப் போறாங்க" என்று வாசல் வரை வந்து அழுதாள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல்வர் தமிழரசன் இருவரையும் உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். அம்சவள்ளியால் காபியை ஸ்பூனில்தான் குடிக்க முடிந்தது. வீரமணி எல்லாவற்றையும் சொன்னார். அனுசுயா, விக்கி இருவரையும் கூப்பிட்டார் முதல்வர்.

"கட்டி இருந்துச்சா?" என்று கேட்டார் அனுசுயா.

"இருந்துச்சுங்க. இவங்களுக்கு."

"அப்ப படம் சரியாத்தானே சொல்லியிருக்கு!" அவர் முகம் மலர்ந்தது. "இந்த வட்டாரத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்குன்னு நாங்க கரெக்டா கண்டுபிடிச்சிருக்கோம். ஆளை மட்டும்தான் நீங்க தேட வேண்டியிருந்துச்சு."

"அம்மா, ஒவ்வொருத்தர் படமும் ஒரு ஆள் தள்ளிப் போவுதுங்க" என்றார் வீரமணி. "எங்க ரெண்டு பேரோட போவல. தாத்தா படம் இவங்களுக்கு வந்திருக்கு. என் படம் இன்னொருத்தருக்கு. எப்பலேர்ந்து இப்படின்னு பாருங்க."

எல்லோரும் விக்கியைப் பார்த்தார்கள். அவன் சுவரில் இருந்த தாளாளர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினான்.

"திறப்பு விழா அன்னிக்கிலேர்ந்துதான் சார். மொதப் படம் ஐயாவுக்குத்தான் எடுத்தோம். மெஷின்ல பேர் அடிக்கணும். ஐயாகிட்டப் போயி உங்க பேர் என்னன்னு எப்படி சார் கேக்கறது? நம்மளா அடிக்கலாம்னா, நோயாளி பேருங்கற கட்டத்துல ஆண்டவர்னு அடிக்க எனக்குக் கை வரல. நீங்களும் அப்படியே எடுன்னுதான் சொன்னீங்க. பேர் இல்லாம எடுத்தேன். பேரில்லாத படத்தை மெஷின் அடுத்த ஆளு பேருல போட்டுடுச்சு. அதுலேர்ந்து எல்லாம் ஒண்ணு தள்ளி ஒண்ணு தள்ளிப் போயிக்கிட்டிருக்கு. இன்னிக்குக் கடைசி ஆளு படம் நாளைக்கு மொத ஆளுக்குப் போகும்."

வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை என்று மஞ்சள் பேருந்து ஏற்றி வந்த ஜனமெல்லாம் வீரமணியின் கண்முன் வந்தது. எல்லோரும் பக்கத்து ஆளின் நோயைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

முதல்வர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா ஐயாவோட படம் யாருகிட்டப் போச்சு?"

"மொத நோயாளிகிட்ட சார். வேப்பந்தட்டைக்காரரு."

"அவருக்கு நாம என்ன சொன்னோம்?"

அனுசுயா சுவரில் இருந்த தாளாளர் படத்தைப் பார்க்காமல் சொன்னார். "தாடை எலும்பு உள்ளுக்குள்ள அழுகுதுன்னு சொன்னோம் சார். கீழ்வரிசைப் பல்லு எல்லாத்தையும் எடுத்தோம். அவருக்கு அதெல்லாம் கெட்டியா இருந்துச்சு, எடுக்கறதே கஷ்டமா இருந்துச்சுன்னு சர்ஜரியில அப்பவே சொன்னாங்க."

"அப்ப அழுகறது..." என்று தொடங்கிய விக்கி, நிறுத்திக்கொண்டான்.

பாராட்டு விழா மேடையில் தாளாளர் ஒரு பக்கமாகவே மென்று தின்றதையும், கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காததையும் முதல்வர், அனுசுயா, விக்கி மூவரும் பார்த்திருந்தார்கள். மூவரும் இப்போது ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"சொல்லிடுங்க சார்" என்றாள் அம்சவள்ளி, குழறலாக. "பாவம், அவரும் மனுஷன்தான. வலிக்காது. அதான் கெட்டது."

முதல்வர் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார். பேசும்போது மேடையில் பேசும் குரல் வந்துவிட்டது.

"நாம உணர்ச்சிவசப்படக் கூடாது. ஒவ்வொண்ணா பாப்போம். ஐயாவோட தாடையில எந்தக் குறையும் கிடையாது. இருக்க முடியாது. ஆகவே அந்தப் படம் ஐயாவோடது இல்ல. அது வேப்பந்தட்டைக்காரரோடதுதான். ஆகவே எதுவும் தள்ளிப் போகல. எதுவும் தள்ளிப் போகலேன்னா எல்லாப் படமும் அவங்கவங்களோடதுதான். அம்மா, அந்தக் கணக்குப்படி உங்களுக்குப் பல்லு இல்ல. நீங்க வேற எங்கயோ போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது. ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில, நீங்க பூரண குணமடைய வாழ்த்தறேன்."

அனுசுயா நிம்மதியாக மூச்சுவிட்டார். விக்கியின் முகத்தில் மட்டும் நிம்மதி வரவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் அவனைக் கூப்பிட்டார்கள், வரிசை நீண்டுவிட்டதாம். அவன் போய்விட்டான்.

*

படத்துறை வாசலில் பெஞ்சு நிறைந்திருந்தது. கையில் தோட்டையும் ஹேர்பின்னையும் பொத்திக்கொண்டு எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரமணி கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். அம்சவள்ளிதான் போய் முதலில் இருந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கி, தைத்த கன்னத்தைக் காட்டினாள்.

"அக்கா, உன் படம் உனக்கு வராது. உனக்கு அடுத்து இருக்கறவங்ககிட்டப் போவும். அவங்க பேரைக் கேட்டுக்க. போன் நம்பர வாங்கிக்க."

அந்தப் பெண் அவள் கன்னத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டாள். அவர் தனக்கு அடுத்தவரைக் கேட்டார். பேச்சு பெஞ்சு நெடுக ஓடியது, படியேறியது, மாடிக்குப் போனது. ஜெயங்கொண்டம், லப்பைக்குடிக்காடு, பாடாலூர் என்று ஊர்ப் பெயர்கள் கேட்டன. சாயங்காலம் கேட்டைத் திறந்ததும் எதிரில் இருந்த டீக்கடையில் கூட்டமாக நின்று எல்லோரும் தங்கள் கையிலிருந்த தாடையைத் தங்களுக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்து, பின்னால் இருந்தவரிடமிருந்து தங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். சிலர் வாங்கிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஓரிருவர் சிரிக்கவில்லை. அவர்களை வீரமணி தனியே கூட்டிப் போய், திருச்சிக்கு எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று சொன்னார்.

மஞ்சள் பேருந்து ஹாரன் அடித்தது. எல்லோரும் ஏறினார்கள். ஒருவர் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தியபடி இருந்தார். பூமாலை என்று பெயர். ஆடு மேய்க்கிறவர். அன்றைய வரிசையில் கடைசி ஆள்.

"வாங்கண்ணே, வண்டி கெளம்புது" என்றார் வீரமணி.

"எனக்கு அடுத்து ஆளு இல்லியே தம்பி. என்னோடது நாளைக்கு மொத ஆளுக்குத்தான போவும்? அது யாருன்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

பேருந்து போய்விட்டது. வீரமணியும் அம்சவள்ளியும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சிமெண்ட் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கின. கேட்டைப் பூட்ட வந்த காவலாளி, மூவரையும் பார்த்து அதட்டினார்.

"ஏய், எந்திரிங்க. இங்கெல்லாம் குந்தக் கூடாது. எதுக்கு இருக்கீங்க?"

பூமாலை நிதானமாக, முதலிலிருந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். காவலாளி முதலில் கைத்தடியைத் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தட்டுவதை நிறுத்தினார்.

"எங்களுக்கெல்லாமும் எடுத்தாங்களே, பொங்கலுக்கு முன்னால" என்றார். "ஆளுங்க எல்லாத்துக்கும் சும்மா எடுக்கறோம்னு நிக்க வச்சாங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்குன்னு சொன்னாங்களே."

பூமாலை தலையை உயர்த்தி அவர் கன்னத்தைப் பார்த்தார்.

"எனக்கு முன்னால சமையக்கார அம்மா நின்னுச்சு" என்றார் காவலாளி, தனக்குத்தானே. "எனக்குப் பின்னால நின்னவன் வேலையை வுட்டே போயிட்டான்."

அவர் பூட்டைக் கேட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றினார். இரண்டு விரலைக் காதடியில் வைத்து, எலும்பின் ஓரமாகவே, மெல்ல மெல்ல, முகவாய் வரை அழுத்திக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி காதடிக்குப் போய், முதலிலிருந்து அழுத்த ஆரம்பித்தார்.